கடைசியில் மாட்டிய பெட்டி

மனுஷன் என்றால் ஒரு பைத்தியமாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாதவன்தான் அக்கம்பக்கத்துக்காரர்களைப் பிடித்து ஆட்டுவான். நம் கண்ணாடிக்காரருக்கு நீராவி ரயில் பைத்தியம். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்குக் கண்ணாடி மாட்டுவார். கூட்டம் குறைந்ததும் கடைக்குப் பின்னால், வீட்டை ஒட்டி இருக்கும் அறைக்குள் நுழைந்துவிடுவார். கண்ணாடிச் சட்டத்தை முடுக்கும் அதே குட்டி ஸ்க்ரூடிரைவரால், முழங்கை நீளமே உள்ள ஓர் இன்ஜினுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே போனவரை வெளியே கொண்டுவர, கண்ணாடி வாங்க வந்தவர்கள் கடை மேஜையைத் தட்டியே ஓய்ந்துபோவார்கள்.

அது ஏனோதானோ இன்ஜின் இல்லை. அவர் மனைவி பிறந்த ரயிலை இழுத்த இன்ஜின்.

ஆமாம், அவள் ஓடுகிற ரயிலில் பிறந்தவள். விடுமுறைக் கூட்டம். நிறைமாதத்தில் ரயிலேறிய அவள் அம்மாவுக்குப் பெண்கள் அறையில்தான் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு வேறெங்கோ ஒரு மூலையில். பாதி வழியில் வலி எடுத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு தையல்காரிதான் பிரசவம் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் அப்பா இறங்கி ஓடிவந்து பார்த்தால், பெண்டாட்டி மடியில் ஒரு பெண் குழந்தை. குடும்பத்தில் வேறு ஒரு ஈ காக்கைகூட நடந்ததைப் பார்க்கவில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. வாய் சும்மா இருக்காத அண்ணன். "உன்னை யாரு பெத்தா? ரயில்ல சீட்டுக்கு அடியில கெடந்த. பாவமா இருக்கேன்னு தூக்கிட்டு வந்தோம்" என்பான். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள். கேட்ட பிள்ளை அன்றைக்கு அழுதுவிட்டு மறுநாள் மறந்துவிடும். இவள் மறக்கவில்லை. ஏனென்றால் தவிடு பொய், ரயில் நிஜம். போதாததற்கு வீட்டில் ஒருத்தர் ஜாடையும் இவளுக்கு இல்லை. அம்மாவிடம் போய்க் கேட்டால், "கேக்குற கேள்வியப் பாரு, போயி படிக்கிற வேலையப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே இதையெல்லாம் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். "எல்லாருக்கும் பொறந்த வீடுன்னு ஒன்னு இருக்குங்க. எனக்கு அதை ஒடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க" என்றாள். சிரித்து முடித்ததும், மடித்துவைத்த சட்டையையே பிரித்து மறுபடியும் மடித்தாள். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். அன்றைக்கு மனசில் விழுந்த முடிச்சுதான் இந்த இன்ஜின். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது நிறைகிறது. அவள் பிறந்த ரயிலை இன்ஜின் முதல் கடைசியில் வரும் கார்டு வண்டி வரை அப்படியே மேஜைமேல் ஓடவிட்டுக் காட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் தயார். பெட்டிகள்தான் பாக்கி. விசில் கடைக்கு ஓடினார்.

விசில் என்பது ஆளின் பெயர். கடைத்தெருவில் மாதிரி ரயில் விற்கிறவர். எதை விற்றாலும் ஒரு விசில் ஊதித்தான் கையில் கொடுப்பார். அவர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் கண்ணாடிக்காரருக்குப் பொழுது போவது தெரியாது.

"யோவ் கண்ணாடி, இன்ஜின் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பெட்டியக் குடு."

"அவசரப்படாத. எந்த வருஷத்துப் பெட்டி?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு காலத்து இன்ஜினுக்குப் பின்னால் வேறொரு காலத்துப் பெட்டியை மாட்டுவது, இந்த ரயில் பைத்தியங்களின் கணக்கில் கொலைக்குற்றத்துக்கு ஒரு படிதான் கீழே. இருவரும் புத்தகங்களை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பு இந்த இன்ஜின் புத்தம் புதுசு. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இரும்புப் பெட்டிகளும் வந்தன. பழைய மரப்பெட்டிகளை அப்போதே அந்தப் பாதையில் ஓரங்கட்டிவிட்டார்கள். புத்தகம் அப்படித்தான் சொன்னது.

"அப்புறம் என்ன? இரும்புப் பெட்டிதான்," என்றார் விசில். "கல்யாண மாப்பிள்ளைக்கு எவனாவது கிழிஞ்ச சட்டை மாட்டுவானா?"

அட்டைப்பெட்டிகள் திறந்தன. கீழே சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள், வளைந்த கூரை, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். கண்ணாடிக்காரர் கன்னத்தை மேஜையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். மயிர் சிலிர்த்தது. விசில் ஊதிய விசில் எதிர்க்கடை வரை கேட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைச்சல். பிறந்தநாளுக்கென்று முன்கூட்டியே மாமியார் வந்து இறங்கியிருந்தார்.

மாமியார் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிராளி போனை வைத்துவிட வேண்டியதுதான். மருமகன் செய்த எதையும் அவர் இதுவரை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. மருமகன் வாங்கிவந்த காயைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நறுக்கவே கொடுப்பார். அப்படிப்பட்டவர், ரயிலை நிறுத்திவைத்திருந்த மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது இல்ல மாப்பிள்ளை."

"எது இல்ல அத்தை?"

"இந்த வண்டி இல்ல. நான் பெத்தது மரப்பெட்டியில. ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கமா ஒரு கதவு இருக்கும். உள்ளுக்குள்ள நடந்துபோக வழி கிடையாது. அதனாலதான ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியல. கடைசிப் பெட்டி அது. பின்னாலயே கார்டு வண்டி."

"அத்தை, இந்த இன்ஜின் வந்தப்புறம் மரப்பெட்டி ஓடல. புத்தகத்துல போட்டிருக்கான்."

"பிள்ளை பெத்தது நானா, உங்க புத்தகமா?"

இதோடு கண்ணாடிக்காரர் வாயை மூடியிருக்கலாம். மூடுவாரா? பைத்தியம் பிடித்தவனிடம் போய் அவன் பைத்தியத்தையே தப்பு என்றால் விடுவானா? புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தைக் காட்டினார். மாமியார் பக்கத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். இவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால், அவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால். கடைசியில் இவர் சொன்னார்: "மரப்பெட்டியில வேற எப்பவாவது போயிருப்பீங்க அத்தை. அம்பது வருஷம் ஆச்சு. ஞாபகம் மாறியிருக்கும்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அம்மாவைப் பார்த்தாள்; புருஷனைப் பார்த்தாள்.

"அப்போ அந்த ரயில்ல மரப்பெட்டியே கெடையாதா?"

"கெடையவே கெடையாது," என்றார் பாவி மனுஷர்.

"சரி," என்று அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் 'சரி'யைக் கேட்ட பிறகுதான் தன் வாய் என்ன வேலை பார்த்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

பின்னாலேயே போனார். அவள் கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க," என்றாள் திரும்பாமலே. "இரும்புப் பெட்டியே ஓடட்டும். அழகாத்தான் இருக்கு."

"அதில்ல..."

"அண்ணன் சொன்னதெல்லாம் வெளையாட்டுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா பெத்தவங்களுக்கு, பெத்த எடம்கூடவாங்க மறந்துபோகும்? ஒன்னு அம்மா கதை கட்டணும். இல்ல, உங்க புத்தகம் பொய் சொல்லணும். புத்தகம் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொல்றீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எந்த முள்ளைப் பிடுங்கிப்போட இத்தனை நாள் உழைத்தாரோ, அதே முள்ளைத் தன் கையாலேயே இன்னும் ஆழமாகக் குத்திவிட்டார். அதுவும் அவள் பிறந்தநாளுக்கு.

மறுநாள் காலை விசில் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்.

"விசிலு, அந்த வருஷம் மரப்பெட்டி ஓடியிருக்க வாய்ப்பு உண்டா?"

"கெடையாது. நாமதானய்யா பாத்தோம்."

"எங்க அத்தை சொல்றாங்க."

"அத்தை சொன்னா சட்டமா?"

"எனக்கு இப்ப அதுதான்யா சட்டம்," என்று ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டினார். விசிலும் மனுஷர்தான், கேட்டு முடித்ததும் அவர் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரில் அந்தப் படம் இருந்தது. அதே இன்ஜின். வளைவில் திரும்பி, புகையைக் கக்கிக்கொண்டு வருகிறது. விசிலின் சித்தப்பா எடுத்தது. கண்ணாடிக்காரர் மனைவி பிறந்த அதே வருஷ விடுமுறைக்குத்தான் அவர் கேமரா வாங்கினார். வீட்டில் விழுந்த திட்டு தாங்காமல் அடுத்த மாதமே விற்றும்விட்டார். இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணாடிக்காரர் இன்ஜினையே கட்டினார். புகைபோக்கியின் விளிம்பு, முன்விளக்கு, படிக்கட்டு எல்லாம் இதிலிருந்துதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லுவார். படத்தின் வலது ஓரத்தை மறைத்துக்கொண்டு ஒரு கேலண்டர் தொங்கியது. வருஷாவருஷம் கேலண்டர் மாறும், ஆணி மாறாது.

கண்ணாடிக்காரர் மெல்ல எழுந்தார்.

"விசிலு. அந்தக் கேலண்டர எடு."

"எதுக்கு?"

"எடுய்யான்னா."

கேலண்டர் வந்தது. அதற்கு அடியில் மறைந்திருந்த பகுதி மட்டும் தூசி படாமல் பளிச்சென்று இருந்தது. வளைவு என்பதால் ரயில் முழுக்கத் தெரிந்தது. இரும்புப் பெட்டி, அதன் பின்னால் இரும்புப் பெட்டி, இன்னொன்று. அப்புறம் ஒன்று, மற்றவற்றைவிடக் குள்ளமாக. கூரைமேல் டப்பா மூடி மாதிரி விளக்கு மூடிகள். உடம்பெல்லாம் பலகைக் கோடு. கதவுக்குப் பக்கத்தில் கதவு, அதற்குப் பக்கத்தில் கதவு. அதன் பின்னால் கார்டு வண்டி.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். இவர் சட்டைப்பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். விசில் வாயில் விசிலை வைத்தார், ஊத மறந்துபோனார்.

"அடப்பாவி," என்றார் பிறகு. "இத்தனை வருஷமா இதுக்கு முன்னாலதானய்யா உக்காந்திருக்கோம்."

"தலையப் பாத்தோம். வாலை எவன் பாத்தான்?"

"ஆனா புத்தகம்..."

"புத்தகம் ஓரங்கட்டினான்னுதான சொல்லுது. ஒடைச்சுப் போட்டான்னா சொல்லுது?" கண்ணாடிக்காரரால் நிற்க முடியவில்லை, இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். "விடுமுறைக் கூட்டம். பெட்டி பத்தல. ஷெட்டுல தூங்கிக்கிட்டிருந்த கெழட்டுப் பெட்டிய எழுப்பி வாலுல மாட்டிட்டான். வீட்டுக்கு ஆளு வந்தா பரண்மேல கெடக்குற நாற்காலிய எறக்குறோம்ல, அந்த மாதிரி. நாமதான் முட்டாளுங்க. இன்ஜின் புதுசுன்னா பெட்டியெல்லாம் புதுசா இருக்கணும்னு யாரு சொன்னா? ஒரு குடும்பத்துல எல்லாரும் ஒரே வருஷத்துலயா பொறந்திருக்கோம்?"

கடைசிப் பெட்டி, பின்னாலேயே கார்டு வண்டி என்று மாமியார் சொன்னது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் இந்தக் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். உடனே போன் போட்டார். "அத்தை சொன்னதுதான் சரி. மரப்பெட்டி இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. பரவாயில்லைங்க. கடையில கூட்டமா இருக்கு, வைக்கிறேன்."

போன் வைக்கப்பட்ட பிறகும் அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "மரப்பெட்டி வச்சிருக்கியா?" என்று விசிலைக் கேட்டார்.

ஓட்டை உடைசல் போட்டுவைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்ததில் ஒன்று அகப்பட்டது. சக்கரம் ஒன்று இல்லை, கூரை தனியாக ஆடியது, ஜன்னல்களெல்லாம் ஓட்டை. கண்ணாடிக்காரர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். தன் கடைக்கதவில் 'இன்று விடுமுறை' பலகையை மாட்டினார். மாமியார் எட்டிப் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழமை பாக்கலாம் அத்தை" என்று பின்னறைக் கதவைச் சாத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக மாமியார் முகத்தில் கதவைச் சாத்தியதை அவர் கவனிக்கவே இல்லை.

வீணாய்ப்போன லென்ஸைச் சீவி ஜன்னல் கண்ணாடி செய்தார். பலகை இருக்கைகள் போட்டார். பழுப்பு வண்ணம் அடித்து, சில இடங்களில் துடைத்து வெயிலில் காய்ந்த மாதிரி வெளிற வைத்தார். உள்வேலைக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காலத்துப் பெட்டி ஜன்னலுக்கு இரும்புப் பூட்டு கிடையாது. ஓட்டைகள் போட்ட ஒரு தோல் வார்தான். வாரை இழுத்துக் குமிழில் மாட்டினால் கண்ணாடி மேலே நிற்கும். கழற்றிவிட்டால் கதவுக்குள் இறங்கிவிடும். இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி வைக்கும் தோல் உறை ஒன்றைக் கிழித்து, நூல் கனத்துக்கு வார்கள் நறுக்கினார். முதல் வார் ஒரு தும்மலில் பறந்தே போயிற்று. பெண்கள் அறையின் ஜன்னலை மட்டும், நிஜமாகவே ஏறி இறங்குகிற மாதிரி செய்தார். அது வீம்பு.

ஞாயிறு காலை. கூடத்து மேஜைமேல் தண்டவாளம் வட்டமாகப் போட்டிருந்தது. மாமியார், மனைவி, வழுக்கை விழுந்தும் வாய் குறையாத அண்ணன், விசில். சுவரில் இருந்த படத்தையும் விசில் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மனைவி படத்தைப் பார்த்தாள். வாலில் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தாள். "ஆமா, இருக்கு," என்றாள். அவ்வளவுதான். பெட்டி இருந்தது சரி, அதில் அம்மா இருந்தாளா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி முகத்தில் அப்படியே இருந்தது.

மாமியார் கையை நீட்டினார். "அந்த லென்ஸக் குடுங்க மாப்பிள்ளை."

மரப்பெட்டிமேல் குனிந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். நின்றவர் நிமிரவே இல்லை. அந்த அம்மாள் இத்தனை நேரம் பேசாமல் இருந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"இந்த வாரு," என்றார். குரல் அவருடையதாக இல்லை. "இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தை. அந்தக் காலத்துப் பெட்டியில ஜன்னலுக்கு அதுதான்."

"இதைத்தான் கடிச்சேன்."

மனைவி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கத்தினா பக்கத்து அறையில இருக்கிற ஆம்பளைங்களுக்குக் கேக்குமேன்னு வெக்கமா இருந்துச்சு. அந்தத் தையக்காரிதான் இந்த வார எடுத்து வாயில குடுத்தா. கடிச்சுக்கோன்னா. உப்புக் கரிச்சுது." லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார். "பிள்ளை வந்துடுச்சு. அழல. நீலம் பாரிச்சுப்போயி அப்படியே கெடக்குது. தையக்காரி தட்டுறா, தேய்க்கிறா, அழவே இல்ல. பயத்துல நான் பல்லக் கடிச்சு ஒரு இழு இழுத்தேன். வாரு கழண்டு ஜன்னல் தொம்முன்னு கீழ விழுந்துச்சு. குப்புன்னு காத்து. அந்தச் சத்தத்துக்கும் காத்துக்கும்தான் வீல்னு கத்துச்சு."

மனைவி அம்மாவின் தோளைத் தொட்டாள். "இத்தனை வருஷமா கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

"நீ மூச்சில்லாமக் கெடந்ததை எந்த வாயால சொல்றது?" மாமியார் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. "இன்னைக்கும் நெனச்சா கை நடுங்குது. பாரு."

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதுப் பெண்மணி, சின்னப்பிள்ளை மாதிரி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீ வாய மூடு," என்றார்கள் அம்மாவும் மகளும். ஒரே குரல், ஒரே முறைப்பு, ஒரே மாதிரி சுருங்கிய மூக்கு. விசில் ஒரு முகத்தையும் மறு முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஜாடை இல்லைன்னு எந்தக் குருடன்யா சொன்னான்?" என்றார் கண்ணாடிக்காரரின் காதோடு.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள். "என்னங்க. அந்த ஜன்னல எறக்கி விடுங்க."

அவர் இடுக்கியால் வாரைக் குமிழிலிருந்து கழற்றினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு கதவுக்குள் இறங்கியது. மாமியார் லென்ஸைத் திரும்பவும் கண்ணில் வைத்து இன்னொருமுறை குனிந்தார். வாங்கிவந்த காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இதுதான் அந்த வண்டி மாப்பிள்ளை," என்றார்.

விசில் ஊதினார். இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. மேஜை விளிம்பில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு மனைவி பார்த்தாள்; பக்கத்திலேயே, முட்டிவலியை மறந்து, அவள் அம்மாவும் குனிந்திருந்தார். புத்தம் புது இன்ஜின் இரண்டு வருஷ உழைப்பைச் சுமந்துகொண்டு அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே போயிற்று. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் கடைசிப் பெட்டி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.